ஆண்பனை நொங்கு காய்ச்ச ஊரு

கருக்குவிளைல ஆண்பனை நொங்கு காய்ச்ச வருஷம் எதுன்னு கேட்டா ஆளுக்கொரு வருஷம் சொல்லுவாங்க, ஆனா காய்ச்சுச்சான்னு கேட்டா எல்லாரும் ஒண்ணுபோல ஆமாம்பாங்க, ஏன்னா அந்த நொங்கத் தின்னாத வாயே ஊர்ல கெடையாது. பனையில ஆணும் பெண்ணும் தனித்தனி மரம், ஆண்பனை வெறும் பாளைதான் விடும், காய்க்காது, இது அங்க நடக்கப் பழகுற பிள்ளைக்கும் தெரியும். ஒரு பெருமழையில தேரிமணல் கரைஞ்சு ஊர்க்கிணத்துல செந்தண்ணியா எறங்குச்சு, அதுக்கு அடுத்த கோடையில சாஸ்தா கோயிலுக்குப் பின்னாடி வரிசையா நின்ன ஆண்பனை அத்தனையும் குலை தள்ளிட்டு நின்னுச்சு. ஊரே அண்ணாந்து பாத்துச்சு, ஒருத்தர் ஏறி வெட்டிப் போட்டாரு, சீவித் தின்னு பாத்தாங்க, பெண்பனை நொங்கவிட இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னாங்க, வாயத் தொடச்சிக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க.

அதுக்கப்புறம் அந்த ஊர்ல பொறந்தது எல்லாமே பெட்டை.

வெள்ளாடு போட்ட குட்டி பெட்டை, கோழி பொரிச்ச குஞ்சு பெட்டை, பசு ஈன்னது கெடேரி, ரேஷன் கடை மூட்டைக்குள்ள பூனை போட்டது அஞ்சும் பெட்டை, பொம்பளைங்க பெத்ததும் பொட்டப்பிள்ளைங்க. மொத வருஷம் பயந்தாங்க, ரெண்டாம் வருஷம் சாஸ்தாவுக்குக் கிடா வெட்டுறோம்னு நேந்துக்கிட்டாங்க, வெட்டுறதுக்கு ஊருக்குள்ள கிடா இல்லாம வெளியூர்ல இருந்து ஆட்டோவுல ஏத்திட்டு வந்தாங்க, மூணாம் வருஷம் ஆட்டுத் தரகுக்காரங்க வண்டி பிடிச்சு வர ஆரம்பிச்சதும் பயம் போன எடம் தெரியல. ஆடு வளக்க வாங்குறவன் பெட்டைதான கேப்பான், அது வயித்துக்குள்ள ஒரு மந்தையே இருக்கும்லா. கருக்குவிளைக் குட்டின்னா திருப்பிப் போட்டுப் பாக்கவே வேண்டாம், கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சந்தையில பேராச்சு.

பேரு வந்ததும் ஊரு அதுக்குத் தக்கன தன்னைத் திருத்திக்கிச்சு. பள்ளிக்கூடத்துல பையங்க கக்கூஸ்ல கடலைக்கொடி அடுக்குனாங்க. சலூன் வச்சிருந்தவர் கடைய மூடிட்டு அதே எடத்துல அவரு பொண்டாட்டிக்குப் புருவம் திருத்துற கடை வச்சுக் குடுத்தாரு. அப்பன் செத்தா மகதான் கொள்ளி வச்சா, கபடிக்கு மகதான் போனா, பனை ஏறவும் மக பழகிக்கிட்டா. மாப்பிள்ளைங்க வெளியூர்ல இருந்து வீட்டோட வந்து இருந்தாங்க, வந்த அன்னைக்கு ஊரு முன்னாடி ஒரு செம்பு கிணத்துத் தண்ணி குடிச்சுக் காட்டணும், குடிச்சு முடிச்சாத்தான் எலை போடுவாங்க. பெட்டையாட்டுக்குச் சேக்கப் பொலிகிடாவ வெளியூர்ல இருந்து வாடகைக்குக் கொண்டு வந்தா அதுக்கும் மொதல்ல அதே கிணத்துத் தண்ணிதான். "ரெண்டுக்கும் ஒரே சடங்குதான், கிடாவுக்கு மட்டும் மாலை போட மாட்டாங்க, தின்னுரும்"னு மாப்பிள்ளைங்க அவங்களுக்குள்ள பேசிச் சிரிச்சுக்குவாங்க.

இதையெல்லாம் கட்டி மேய்ச்சது பெட்டையாட்டுச் சங்கம், அந்தச் சங்கத்துக்குத் தலைவி பேச்சிக்கனி. ஒல்லியா, வெடவெடன்னு, மூக்குத்தியத் தவிர ஒரு பொட்டு தங்கம் போடாத பொம்பளை, ஆனா அவ தெருவுல வந்தா பேசிட்டு இருக்குறவங்க பேச்ச மாத்திருவாங்க. ஊருக்குள்ள எந்தப் பிள்ளை பொறந்தாலும் மொதப் பார்வை அவதான் பாக்கணும், பெத்தவளுக்குக்கூட அப்புறம்தான் காட்டுவாங்க. துணை சுகாதார நிலையத்து நர்சு எஸ்தர், கொடிய அறுத்ததும் துணியில சுத்தி மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேச்சிக்கனி கையில குடுப்பா. அவ துணிய வெலக்கிப் பாத்து, "பொட்டப்பிள்ள"ன்னு வாசல்ல வந்து சொன்னாத்தான் குலவை போடுவாங்க. ஊரு பேரக் காப்பாத்த ஒருத்தி பாத்துச் சொல்லணும்லான்னு எல்லாரும் அதை ஏத்துக்கிட்டாங்க.

அந்தப் பேச்சிக்கனிய 'அத்தை'ன்னு கூப்புடுற மொறையில இருந்தவதான் தாமரைக்கனி. அவ புருஷன் சுயம்புலிங்கம், உடன்குடிப் பக்கத்துக்காரன், செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தான், செம்புத் தண்ணியக் குடிச்சிட்டு வந்த மாப்பிள்ளைங்கள்ல கொஞ்சம் வாய்க்காரன். எல்லாம் இருந்துச்சு, பிள்ளைதான் தங்கல. மொதக் கரு ரெண்டாம் மாசத்துல போச்சு, அடுத்தது நாலாம் மாசத்துல போச்சு, கடைசியா ஒண்ணு துணி காயப் போட்டுட்டு இருக்கும்போதே போச்சு. கருக்குவிளைல இதுக்கு 'நழுவிருச்சு'ம்பாங்க, சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருவாங்க. எல்லாப் பொம்பளைக்கும் ஒண்ணு ரெண்டு நழுவிருந்துச்சு. ஆனா யாரும் அதை அடுத்தவட்ட சொல்லிக்கிட்டதில்ல, அதனால ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் வயிறு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டா.

அப்பதான் வேன்ல ஒரு டாக்டரம்மா வந்து கேம்ப் போட்டா. சின்ன வயசு, கழுத்துல பேரு போட்ட அட்டை, எல்லார்ட்டயும் ரத்தம் எடுத்தா, ஒரு ஆட்டுக்கிட்டயும் எடுத்தா. தாமரை முறை வந்தப்ப அவளக் கூப்புட்டு மேசையில இருந்த மைக்ராஸ்கோப்புக் குழாய்க்குள்ள கண்ண வச்சுப் பாருன்னா. உள்ள பனைநார்ல உரிச்ச நூல் மாதிரி ஒண்ணு நெளிஞ்சுச்சு.

"உங்க ஊர்த் தண்ணியில இருக்கும்மா இது. அம்மாட்ட இருந்து பிள்ளைக்குப் போற புழு. பொம்பளப்பிள்ளைக்குள்ள போனா அவ வளந்து, பெத்து, அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம். ஆம்பளப்பிள்ளைக்குள்ள மாட்டுனா அதோட முடிஞ்சுச்சு. அதுக்கு அது முட்டுச்சந்து."

"அப்ப ஆம்பளப்பிள்ளைய என்ன செய்யும்?"

"மாத்த முடிஞ்சா பொண்ணா மாத்திரும்." டாக்டரம்மா அவ சீட்டப் பாத்தா, அதுல மூணு தடவைன்னு போட்டிருந்துச்சு. "மாத்த முடியலன்னா தங்கவிடாது."

பக்கத்துல நின்ன சுயம்பு, "ஆண்பனைக்குள்ளயும் புழுவா டாக்டர்?"னு கேட்டான். பனையப் பத்தி நான் படிக்கலைன்னா அவ, ரொம்ப யோக்கியமா. எல்லாருக்கும் குடுத்த மாதிரி அவளுக்கும் மாத்திரைய நீட்டுனா. தாமரை வாசலத் திரும்பிப் பாத்தா, யாரும் இல்ல, டாக்டரம்மா பாட்டில்லயே தண்ணி வாங்கி அந்த எடத்துலயே முழுங்கிட்டா. இனிமே கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைக்காமக் குடிக்கக் கூடாது, குடிச்சா திரும்ப வந்துரும்னு டாக்டரம்மா சொன்னதையும் சேத்து முழுங்கிக்கிட்டா.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னாடி புழுவப் பத்திப் பேசக் கூட்டம். பேச்சிக்கனி எந்திரிச்சா.

"புழு இருந்தா இருந்துட்டுப் போகுது. நம்மட்ட என்ன சோறா கேட்டுச்சு? அது வர்றதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு எவன் வண்டி பிடிச்சு வந்தான், சொல்லுங்க பாப்போம். புழுவக் கொன்னுட்டு நாளைக்கு ஆடு கிடாயாப் போட்டா டாக்டரம்மாவா வந்து மேய்ப்பா?"

சிரிச்சாங்க. 'நழுவுதே, அதுக்கு?'ன்னு தாமரைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பேச்சிக்கனி கண்ணு கூட்டத்த ஒவ்வொரு மொகமாத் தடவிக்கிட்டு வந்து அவ மேல கொஞ்சம் நின்ன மாதிரி இருந்துச்சு, தாமரை வந்த வார்த்தைய உள்ளயே விட்டுட்டா. வீடு வீடா மாத்திரையத் திருப்பி வாங்கி ஒரு சாக்குல கட்டி, சுண்ணாம்புக் குழியில போட்டு மூடுனாங்க. "எல்லாரும் குடுத்தாச்சா?"ன்னு பேச்சிக்கனி கேட்டா. எல்லாரும் ஆமான்னாங்க, சொல்லிட்டு எல்லாரும் பக்கத்துல நின்னவளப் பாத்தாங்க.

அங்க பிடிச்சுச்சு சந்தேகம். அது செல்லக்கனி வீட்டு ஆடு கிடாக்குட்டி போட்டப்ப நல்லா வேர் விட்டுருச்சு. கறுப்புக் குட்டி, நெத்தியில வெள்ளை, வாலத் தூக்கிப் பாத்தவங்க அப்படியே வாலக் கீழ விட்டாங்க. பேச்சிக்கனி வந்தா, பாத்தா, குட்டியச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போய்ட்டா. ஆட்டுக்கு யாரு மாத்திரை குடுத்தான்னு செல்லக்கனியக் கேட்டாங்க, அவ சாஸ்தா மேல சத்தியம் பண்ணுனா, சத்தியம் பண்ணுறதப் பாத்தாலே தெரியுது அவதான்னாங்க. ஆட்டுக் கொட்டடியில அவ ஆடுங்களுக்கு எடம் குடுக்கல, கிணத்தடியில அவ வந்தா குடத்தத் தூக்கிட்டு நகந்தாங்க, தரகுக்காரங்கட்ட அவ வீட்டுப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லி விட்டாங்க. ஒரு நாள் புருஷனும் பொண்டாட்டியும் கட்டில் முதக்கொண்டு ஏத்திக்கிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டாங்க. யாரும் வழியனுப்பப் போகல. சன்னல் வழியா மட்டும் எல்லாரும் பாத்தாங்க.

அதுக்கப்புறம் ஊர்ல யாரு என்ன குடிக்கா, யாரு எப்ப மருந்துக்கடைப் பக்கம் போறா, யாரு பேச்சு நடுவுல நின்னு போகுதுங்கிறதுதான் எல்லாருக்கும் வேலை. தாமரைக்கு நாள் தள்ளிப் போயிருந்த நேரம் வேற. சுயம்பு ரகசியமாத் தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, பழைய குடத்துலயே ஊத்தி வைப்பான். ஆனா ரகசியத்துக்கும் கேஸ் செலவாகும்லா.

"என்ன மயினி, உங்க வீட்டுக்கு அதுக்குள்ள அடுத்த சிலிண்டர் வந்துட்டு?" எதுத்த வீட்டு ராசக்கனி வாசல் தெளிச்சுக்கிட்டே கேட்டா. "ரெண்டு பேருதான இருக்கிய. அப்படி என்ன ஆக்குதிய?"

"மாசமா இருக்கேம்லா. வெந்நியிலதான் குளிக்கேன்."

"இந்த வெயில்லயா?"

"அவளுக்குக் குளுருது மயினி," சுயம்பு உள்ள இருந்து குரல் குடுத்தான். "வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க, வெந்நியத் தொடுங்க, என்னத் தொட்டுறாதீங்க."

ராசக்கனி சிரிச்சா. வாய் சிரிச்சுச்சு, கண்ணு அடுப்படிய எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

தாமரைக்கு இருந்தது ரெண்டு பயம். கொதிக்காத தண்ணி உள்ள போனா இதுவும் நழுவிரும்ங்கிறது ஒண்ணு. போகாம இருந்து பிள்ளை தங்கி, தங்குனது ஆணாப் போச்சுன்னா செல்லக்கனி ஏறுன பஸ்ல தானும் ஏறணும்ங்கிறது இன்னொண்ணு. அம்மா விட்டுட்டுப் போன ஆடுங்க, வீடு, பொறந்து வளந்த மண்ணு, எல்லாம் இங்கதான. "உடன்குடிக்குப் போயிருவோமா?"ன்னு சுயம்பு கேட்டதுக்கு, "இப்பப் போனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும்"னுட்டா.

வளைகாப்பு வந்துச்சு. சந்தனம் பூசுனாங்க, கை நெறைய வளையல் அடுக்குனாங்க, பொறக்கப் போறவளுக்குன்னு பூப்போட்ட பாவாடை நாலு வந்துச்சு, ஒருத்தி கொலுசே கொண்டு வந்தா. எல்லாம் முடிஞ்சு எலை போடப் போற நேரத்துல பேச்சிக்கனி ஒரு செம்போட வந்தா. செம்பு வேர்த்திருந்துச்சு, அப்பதான் எறைச்ச தண்ணி.

"குடிட்டி."

"இப்பதான் அத்தை பானக்காரம் குடிச்சேன்."

"அது அவிய அவிய வீட்டுத் தண்ணி. இது ஊர்த் தண்ணி. மாப்பிள்ளை குடிக்கான், கிடா குடிக்கி, நீ குடிச்சா கொறஞ்சிருவியோ?"

அத்தனை கண்ணும் அவ தொண்டையில. தாமரை சுயம்புவப் பாத்தா, அவன் கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். செம்ப வாங்கி அண்ணாந்து ஊத்திக்கிட்டா. செம்மண் வாடை அடிச்ச தண்ணி, ஐஸ் மாதிரி எறங்குச்சு, ஒவ்வொரு மடக்கு எறங்குறதையும் பொம்பளைங்க எண்ணுற மாதிரி பாத்தாங்க. கவுத்துக் காட்டுனா. அப்புறம்தான் எலை போட்டாங்க.

அன்னையில இருந்து பிள்ளை அசையல. தாமரை வயித்துல கைய வச்சுக்கிட்டே ஆட்டுக்குத் தழை வெட்டுனா, கைய வச்சுக்கிட்டே சோறு வடிச்சா. அந்த நூல் இப்ப எங்க போயிட்டு இருக்கும், நெஞ்சத் தாண்டிருக்குமா, கொடியத் தொட்டிருக்குமா, உள்ள இருக்குறது யாருன்னு முகர்ந்து பாக்குமா. "ஏய், உள்ள ஆருன்னாலும் சரி, இருந்துக்கோ, இருந்தாப் போதும்"னு பேசிப் பாத்தா. தழைக்கட்டத் தூக்கித் தலையில வச்ச நேரம் உள்ள இருந்து ஒரு ஒதை விழுந்துச்சு பாரு, கட்டு சரிஞ்சு மண்ணுல விழுந்துருச்சு. ஆடுங்க தின்னட்டும்னு விட்டுட்டு அங்கயே உக்காந்து அழுதா.

சந்தோஷம் வந்ததும் அடுத்த பயம் பெருசாச்சு. பிரசவத்துக்குத் திருச்செந்தூர் போறோம்னு சுயம்பு வண்டி பேசுனான். பேசுனது யாரு காதுல விழுந்துச்சோ, அடுத்த நாளே பேச்சிக்கனி பையோட வந்து அவங்க வீட்டு வாசல்லயே இருந்துட்டா. "வலி எடுக்குற வரைக்கும் நான் இங்கதான். நம்ம ஊர்ப் பிள்ளைய வெளியூர்க்காரி மொதல்ல பாக்கவா?" அவ மக முத்துமாரியும் கூட வந்தா, நல்ல உசரமான பிள்ளை, பேசவே பேசாது.

நல்ல உச்சி வெயில்ல வலி எடுத்துச்சு. சுகாதார நிலையத்துல எஸ்தர் கதவச் சாத்துனா, வெளியில ஊரே கூடிருச்சு, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையக் கையிலயோ இடுப்புலயோ பிடிச்சுக்கிட்டுப் பந்தல் நெழல்ல நின்னா. தாமரை கத்துனது தேரிக்காடு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் பிள்ளை கத்துனது அதுக்கும் மேல கேட்டுச்சு. எஸ்தர் கொடிய அறுத்தா, துணியில சுத்துனா, மொகத்தைத் திருப்பிக்கிட்டு நீட்டுனா. பேச்சிக்கனி வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயி, துணிய வெலக்கிப் பாத்தா.

தாமரை அவ மொகத்தையே பாத்தா. அதுல ஒண்ணுமே எழுதல. துணிய மூடுனா, கதவத் தொறந்தா.

"பொட்டப்பிள்ள."

குலவைச் சத்தம் ஓட்டப் பிச்சுக்கிட்டுப் போச்சு. தாமரைக்கு ஒடம்பெல்லாம் லேசாச்சு, சரி, தண்ணி மாத்திருச்சு போல, ஆனா தங்கிருச்சு, உசுரோட இருக்கா, வேற என்ன வேணும்னு கைய நீட்டி வாங்குனா. நெஞ்சோட அணைச்சா. துணிய வெலக்குனா.

பாத்தா. மூடுனா. மறுபடி வெலக்கிப் பாத்தா.

"அத்தை..."

"என்னட்டி?"

"அத்தை, இது ஆம்ப..."

"பால் குடு." பேச்சிக்கனி கட்டில் ஓரத்துல உக்காந்து அவ காதுக்கிட்டக் குனிஞ்சா. "முடிய மட்டும் வெட்டிறாத. கொலுச எப்பவும் போட்டு விடு. குளிக்க ஊத்துறது நீயும் உன் மாப்பிள்ளையும் மட்டும்தான், பாசம் பொங்கி வர்ற ஒருத்தியையும் கிட்ட விடாத. பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் என்ட்ட வா."

தாமரை பிள்ளைய மார்ல சேத்துக்கிட்டா. "அப்ப செல்லக்கனிய ஏன் வெரட்டுனிய?"

"ஆட்டுக்குப் பாவாடை கட்ட முடியுமாட்டி?"

எஸ்தர் இன்னும் சுவத்தப் பாத்துக்கிட்டேதான் கத்திரிக்கோலக் கழுவிக்கிட்டு இருந்தா. முத்துமாரி பிளாஸ்க்குல வெந்நி கொண்டு வந்து வச்சுட்டு நின்னா. பேச்சிக்கனி அவளத் திருப்பி நிறுத்தி, அவுந்திருந்த ரெட்டைச் சடை ரிப்பன உருவி, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுனா, ஊரையே மெரட்டுன அந்தக் கை முடிச்ச ரெண்டு தடவை அவுத்துக் கட்டுறதயும், முத்துமாரி உசரத்தயும் தாமரை மாறி மாறிப் பாத்தா.

"எத்தனை பேரு அத்தை?"

"எனக்கு என் கையில வந்தது மட்டுந்தான் தெரியும். யாருக்கு யாரத் தெரியும்னு எனக்குத் தெரியாது. நீயும் கேட்டுக்காத."

சொல்லிட்டுக் கதவ அகலத் தொறந்து விட்டா. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா உள்ள வந்தாங்க. மொதல்ல ராசக்கனி, இடுப்புல அவ மக, மை எழுதி, பூ வச்சு, வெயில் காலத்துல கணுக்கால் வரைக்கும் பாவாடை.

"என்ன பிள்ளை மயினி?" எல்லாங் கேட்ட பிறகும் கேட்டா.

"பொட்டப்பிள்ளதான்," தாமரை துணிய இன்னொரு சுத்து சுத்திக்கிட்டே சொன்னா.

ராசக்கனி கண்ணு அந்தத் துணியில போயி நின்னுச்சு. தாமரை கண்ணு அவ இடுப்புல இருந்த பாவாடையில போயி நின்னுச்சு. ராசக்கனி பிள்ளைய இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சன்னலுக்கு வெளிய பாத்தாங்க, அங்க இன்னும் முறை வராத பொம்பளைங்க தங்கள் பிள்ளைங்களப் பக்கத்துல இழுத்து நிறுத்தி, பாவாடைய எறக்கி விட்டு, ஒருத்திய ஒருத்தி பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு நின்னாங்க.